கைநிறைய வைத்திருப்போருக்குச் சொன்ன சொல்

‘விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை’ என்னும் வாசகம் தொங்காத தெரு நம் பங்கில் இல்லை. திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே, நாட்காட்டிக்கு அருகே, சில வீடுகளில் கண்ணாடிச் சட்டமிட்டுக்கூட அதை மாட்டியிருப்பார்கள். வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் நம் கண்ணில் படும். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் அதே வாசகத்தை நாமும் பல்லாண்டுக் காலம் ஒப்பித்திருக்கிறோம். அப்போது நம் பார்வை யார்மீது பதிந்திருந்தது என்று இப்போது எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. மணமகன்மீது அல்ல.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப் பாதை தொடங்குமுன், கைம்பெண் ஒருவர் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். கணவர் இறந்து ஐந்து ஆண்டுகள். கணவரின் பாகமாக வரவேண்டிய வீட்டுப் பகுதியைக் கணவரின் அண்ணன் பூட்டி வைத்திருக்கிறார். அந்த அண்ணனும் கோயிலுக்கு வருபவர்தாம்; தேர் புறப்படும்போது முன்னால் நிற்பவர்தாம். அம்மையார் வழக்குத் தொடர ஆயத்தமாயிருந்த வேளையில் மூன்று நாள் தியானம் ஒன்றில் கலந்துகொண்டார். தியானம் நடத்தியவர் சீன ஞானி ஒருவரின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆற்றில் மிதக்கும் இலையைப் போல் இருங்கள், எதையும் பற்றாதீர்கள், விட்டுவிடுங்கள் என்று உருக்கமாகப் போதித்தாராம். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்களாம். இவர் வீடு திரும்பி, வழக்குக் காகிதங்களைப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டிவிட்டார். இரண்டு ஆண்டுகள் ஓடின.

“விட்டுட்டேன் சாமி. ஆனா தூக்கம் வரல. விட்டது நானு. வச்சிருக்கிறது அவரு.”

குருமடத்தில் நாம் கற்ற இறையியல் ஏடுகளில் இதற்கு நேரான விடை இருந்ததாக நினைவில்லை. ‘விடுங்கள்’ என்று போதித்தவர் வந்து, இலையாய் மிதக்கச் சொன்னது நதிக்கரையைக் கைப்பற்றிக்கொண்டவரையா, நதியில் தள்ளப்பட்டவரையா என்று விளக்கினால் நலம். நம்மைப் பொறுத்தவரை, இந்தப் போதனை தவறான முகவரிக்கு அனுப்பப்படும் கடிதமாகிவிட்டது. அதைச் சொல்லவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு தடையை அகற்றிவிடுவோம். இந்தச் செய்தியை ஒரு ஞாயிறு மறையுரையில் நாம் தொட்டபோது, சீன ஞானியின் பெயர் நம் கோயிலுக்குள் எதற்கு என்று ஓரிருவர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு நம் மறுமொழி இது. 1965 அக்டோபரில் வெளியான ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ என்னும் சங்க ஏட்டில், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவற்றை எதையும் தான் ஒதுக்குவதில்லை என்று திருச்சபை அறிவித்துவிட்டது. அதே ஆண்டில் டிராப்பிஸ்ட் துறவி தாமஸ் மெர்ட்டன், தாவோ மரபின் மற்றொரு பெரியவரான சுவாங் ட்ஸுவின் பகுதிகளைத் தம் நடையில் ஆக்கி நூலாக வெளியிட்டார். அவருக்கு உதவிய ஜான் வூ என்னும் சீனச் சட்ட அறிஞர் 1937-இல் கத்தோலிக்கரானவர். திருப்பாடல்களையும் புதிய ஏற்பாட்டையும் செந்நெறிச் சீனத்தில் பெயர்த்தவர். 1947 முதல் 1949 வரை திருப்பீடத்தில் தம் நாட்டின் தூதராய் இருந்தவர். லாவோ ட்ஸுவின் நூலை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. இன்னொன்றும் உண்டு. 1919-இல் வெளிவந்து இன்றும் பரவலாக வழங்கும் சீர்திருத்தச் சபையாரின் சீன விவிலியத்தில், யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் நாம் ‘வாக்கு’ என்று படிக்கும் இடத்தில் நிற்கும் சொல் ‘தாவோ’. முகம் சுளித்தவர்கள் சீனத்தில் பிறந்திருந்தால் கிறிஸ்து பிறப்புப் பகல் திருப்பலியில் அச்சொல்லுக்கு எழுந்து நின்றிருக்கவும் கூடும்.

ஆகவே நமக்கு வழக்கு லாவோ ட்ஸுவோடு இல்லை. அவரை வெந்நீர் ஒத்தடமாக்கி விற்பவர்களோடுதான் வழக்கு. நம் ஊரில் அதற்குக் குறைவில்லை. கடற்கரைச் சாலையை ஒட்டிய விடுதிகளில் வார இறுதிக்கு வந்து தங்கி, ‘விட்டுவிடக்’ கற்றுக்கொண்டு, ஞாயிறு இரவு சென்னைக்கும் பெங்களூருக்கும் திரும்புகிறவர்களைப் பார்க்கிறோம். எதை விட்டுச் சென்றார்கள் என்று தேடினால் விடுதி ஊழியர் வாரிக் கொட்டும் தண்ணீர்ப் புட்டிகள்தாம் அகப்படுகின்றன. அவர்களாவது பணம் கொடுத்து விளையாடுகிறார்கள். நம் தியான இல்லங்களிலும் மறையுரை மேடைகளிலும் அதே சரக்கு, செபமாலை சுற்றி, இல்லாதவர்களுக்கு வழங்கப்படுவதுதான் நமக்குப் பொறுக்கவில்லை.

‘தாவோ தே ஜிங்’ சிறிய நூல். எண்பத்தொரு பகுதிகள், ஏறத்தாழ ஐயாயிரம் சீன எழுத்துகள். கவிஞர் சி. மணி அதைத் தமிழாக்கியிருப்பதால் நம் வாசகர்கள் தாமே படித்துப் பார்க்கலாம். ஜௌ அரசின் ஏட்டுச்சாலைக் காப்பாளராய் இருந்தவர், நாடு சீர்கெடுவது கண்டு மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார் என்றும், எல்லைக் காவலர் வேண்டிக்கொண்டதால் எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்தார் என்றும் மரபுக் கதை. கதை எப்படியிருப்பினும், நூல் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதைக் கவனித்துப் படித்தால் ஓர் உண்மை துலங்கும். பெரும்பாலான இடங்களில் அது அரசனைப் பார்த்தே பேசுகிறது. வரியை ஏற்றாதே, படையை நம்பாதே, ஆரவாரம் செய்யாதே, செய்து முடித்ததும் விலகிக்கொள் என்பதெல்லாம் அரியணைக்குச் சொன்ன புத்தி. குடிகள் பட்டினி கிடப்பதற்கு மேலிருப்போரின் வரிப்பசியே காரணம் என்று அந்த முதியவர் ஒளிக்காமல் சொல்கிறார். பட்டினி கிடப்பவனிடம் போய், பசியை விட்டுவிடு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ‘வூ வெய்’ என்று அவர்கள் குறிப்பிடுவதும் சும்மா இருத்தல் அன்று; வன்மையாய்த் திணிக்காதிருத்தல். மீன் பொரிக்கும் உவமை ஒன்று வருகிறது. அதை நம் குப்பத்துத் தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டியில் போட்ட மீனை ஓயாமல் புரட்டினால் என்ன மிஞ்சும் என்று அவர்கள் அறிவார்கள். சட்டுவம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த அறிவுரை. மீனுக்கு இல்லை.

நற்செய்தியிலும் இதே கணக்குத்தான். ஆண்டவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வரச் சொன்னது யாரிடம்? மிகுந்த சொத்துடைய இளைஞனிடம். அவன் முகவாட்டத்தோடு போய்விட்டான். சக்கேயுவோ பாதியை ஏழைகளுக்கு விட்டான். ஏய்த்ததை நான்மடங்காய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். ஆனால் நேர்மையற்ற நடுவரிடம் ஓயாமல் போய் நீதி கேட்ட கைம்பெண்ணைப் பற்றி ஆண்டவர் உவமை சொன்னபோது, அம்மா, விட்டுவிடு, மன அமைதி பெறுவாய் என்று அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. சோர்ந்து போகாமல் செபிப்பதற்கு அவளையே மாதிரியாக நிறுத்தினார். பழைய ஏற்பாட்டில் நாபோத்து இருக்கிறான். அரசன் ஆகாபு விலை தருகிறேன், வேறு தோட்டம் தருகிறேன் என்றபோதும் மூதாதையர் வழிவந்த திராட்சைத் தோட்டத்தை அவன் விடவில்லை. அதற்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்டான். எலியா இறைவாக்கினர் சினத்தோடு போய் நின்றது ஆகாபின் முன்னால். நாபோத்து சற்றே விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று அவர் இரங்கற்பா பாடவில்லை. இக்காலத் தியானக்காரர் எவரேனும் அவ்வூரில் இருந்திருந்தால் பாடியிருப்பார் என்று அஞ்சுகிறோம்.

நம் ஊர்க் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தால் இந்த ஞானம் கண்ணுக்கே தெரியும். வயது முதிர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், கடற்கரைச் சாலைக்குக் கீழே ஒரு காலத்தில் மணல் இருந்தது. ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வரும் அலைகள் நம் கரையோரமாக மணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்து செல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் ஒவ்வோர் ஆண்டும் இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே நடக்கிறது. நம் கரை என்று நாம் உரிமை பாராட்டியது உண்மையில் நம்மிடம் ஓர் இரவு தங்கிச் செல்லும் வழிப்போக்கன். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பத்தாற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்கரைகள் கடலுக்குள் நீட்டப்பட்டன. மணல் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே கரை கொழுத்தது. வடக்கே நகரின் கரை பட்டினி கிடந்தது. நின்ற மணலை வாரி வடக்கே சேர்க்கவேண்டும் என்பது திட்டத்தோடு பிறந்த நிபந்தனைதான். அது சரிவர நடக்கவில்லை. கடல் சாலையை அரிக்கத் தொடங்கவே, கருங்கற்களைக் கொட்டினோம். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது. கல் முடிந்த இடத்திற்கு வடக்கே தொடங்கியது. அங்கேயும் கல். குருசுக்குப்பத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் படகை ஏற்றி நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த மணற்பரப்பு போயிற்று. பிறகு அரிப்பு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கும் போயிற்று. கடலுக்கு யூனியன் பிரதேசம் ஏது, மாநிலம் ஏது?

இந்த நிகழ்ச்சியை நாம் வெறும் உவமையாகச் சொல்லவில்லை. இதில் நிலமிழந்தவர்கள் நம் மக்கள். பிடித்து வைத்தது ஒருவர், இழந்தது வேறொருவர் என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வைத்திக்குப்பத்து மீனவரைப் பார்த்து, மணலை மனத்தால் துறந்துவிடுங்கள் என்று சொல்லும் துணிவு எந்த ஞானிக்கும் வராது. விட வேண்டியது தெற்கே தேங்கிய மணலை. விட வேண்டியவர் தேக்கியவர். அண்மை ஆண்டுகளில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் வகுத்த திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை 2018-ஐ ஒட்டிப் பதித்து, வாரிய மணலையும் கரையில் சேர்த்தார்கள். அலையின் கோபத்தைத் தணித்து மணலை இளைப்பாறச் செய்யும் ஏற்பாடு அது. ஒரு பகுதியில் மணல் மீண்டது. மாலையில் பிள்ளைகள் அங்கே காலை நனைப்பதைப் பார்க்கும்போது, சுவரெழுப்பித் தடுப்பதைவிடத் தண்ணீரின் போக்கறிந்து நடப்பது மேல் என்று அந்தச் சீன முதியவர் சொன்னது பொய்யில்லை என்றே தோன்றுகிறது.

‘விடுதல்’ என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்த ஊர் நம்முடையது என்பதை இளைய தலைமுறையினர் அறிவார்களோ என்னவோ. 1819-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவின் குடிகள் அவரவர் சாதி வழக்கப்படியே நீதி பெற்றுவந்தார்கள். 1881 செப்டம்பர் 21-இல் வந்த ஆணை ஒரு கதவைத் திறந்தது. விரும்பியவர் தம் சாதி சார்ந்த தனிச்சட்டத்தைத் துறப்பதாக அறிவித்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, குடும்பப் பெயர் ஒன்றை ஏற்று, பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வரலாம். ஒருமுறை துறந்தால் திரும்பப் பெற முடியாது. மனைவியையும் வயதுவராப் பிள்ளைகளையும் அது கட்டும். இவர்களைத்தாம் ‘ரெனோன்சான்’ என்று நம் ஊர் அழைத்தது. துறந்தவர்கள் என்று பொருள். நம்மில் பலருடைய பாட்டனாரின் பிரெஞ்சுப் பெயர் இப்படி வந்ததுதான்.

முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை முறையிட்டு வென்றவர். அவர் அந்தச் செருப்பை விட்டிருந்தால் ஒரு நாள் சச்சரவு மிச்சமாகியிருக்கும். விடவில்லை. அதே மனிதர்தாம் பின்னர் சாதிச் சட்டத்தைத் துறந்து, ‘லா போர்த்’, அதாவது ‘கதவு’ என்னும் பெயரை ஏற்றார். செருப்பை விடாத கையே சாதியை விட்டது. எதைப் பற்றுவது, எதை விடுவது என்னும் பகுத்துணர்வுக்கு இதைவிடத் தெளிவான மாதிரியை நாம் இனித் தேட வேண்டுமா? லொயோலா இஞ்ஞாசியார் பற்றற்ற நிலையைப் பற்றி எழுதியபோதும் அதை ஒரு தெரிவுக்கு ஆயத்தமாகவே வைத்தார். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆற்றில் விடச் சொல்லவில்லை.

யார் துறந்தார்கள் என்று கேளுங்கள். மிகுதியும் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்டோரும். சாதியால் இழப்பதற்கே பழகியவர்கள் சாதியை எளிதில் விட்டார்கள். அலுவலும் கல்வியும் பெற்றார்கள். பலர் சைகோன் வரை சென்று பணிபுரிந்தார்கள். சாதியால் பெற்றுக்கொண்டிருந்தவர்கள் அதை விட மறுத்தார்கள். சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் திரண்டு பல்லாண்டுக் காலம் இந்நாட்டு அரசியலையே கையில் வைத்திருந்தார்கள். துறந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டதோடு சாதி போய்விட்டதா என்று வாசகர் கேட்கலாம். போகவில்லை. துறந்தவர்களும் பெண் கொடுக்கும்போது பழைய ஏட்டைப் புரட்டினார்கள். சட்டத்தில் விட்டதைச் சமையலறையில் திரும்ப எடுத்துக்கொண்ட குடும்பங்களை நாம் அறிவோம். அவற்றின் திருமண அறிவிப்புகளை நாம்தான் கோயிலில் வாசிக்கிறோம்.

இந்த இடத்தில் நம் திருச்சபையின் கணக்கையும் திறந்து வைத்துவிடுவோம். 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் சீனத்துக்குப் போகும் வழியில் இதே புதுச்சேரியில் இறங்கினார். 1704-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். திருமணத்தில் தேங்காய் உடைப்பது போன்ற நம் வழக்கங்களை அது கண்டித்தது. நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் இல்லங்களுக்கே குருக்கள் சென்று அருளடையாளங்கள் வழங்கவேண்டும் என்றும் பணித்தது. பிறகு அவர் சீனத்துக்குச் சென்று அங்குள்ள சடங்குகளையும் கண்டித்து, 1710-இல் மக்காவில் காவலில் இருந்தபடியே இறந்தார். அவருடைய ஆணையின் இரு பாதிகளுக்கு என்ன நேர்ந்தது? தேங்காய் உடைக்காதே என்பதை நெடுங்காலம் இறுக்கிப் பிடித்தோம். 1939-இல் சீனச் சடங்குகளின் மீதும் 1940-இல் மலபார்ச் சடங்குகளின் மீதும் இருந்த பிடியை உரோமை தளர்த்தும் வரை குருக்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் குடிசைக்குள் போ என்பதற்கோ 1744-இலேயே ஒரு சமரசம் கண்டாயிற்று: பறையர்களுக்கெனத் தனிக் குருக்கள். விடக்கூடியதைப் பற்றினோம்; பற்றக்கூடாததை விடவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டே, 1745-இல், இவ்வூர்க் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பியிருந்த சுவர் அவர்கள் முறையிட்டதன்பேரில் இடிக்கப்பட்டதையும், மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததையும், விவகாரம் ஆளுநர் தூய்ப்ளே வரை போனதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். முறையிட்டவர்கள் அன்று ‘விட்டுக்கொடுத்திருந்தால்’ சுவர் நின்றிருக்கும். இது பழங்கதை என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். 2008 மார்ச் 9 அன்று, நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள். இறந்தவர்கள் நம் சகோதரர்கள். செபமாலை மாதாவின் திருநிழலில் வாழ்ந்த ஊர். அந்நாள்களில் ‘இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்று மேடைதோறும் பேசப்பட்டது. நாமும் பேசினோம். ஒரு தரப்பிடம் விடுவதற்குப் பழைய பெருமை இருந்தது. மறுதரப்பிடம் விடுவதற்கு என்ன இருந்தது என்று அன்று நாம் கேட்டுப் பார்க்கவில்லை.

இவ்வாறு பிறரை நோக்கியே விரலை நீட்டிக்கொண்டிருப்பது முறையன்று. குருக்களாகிய நாம் விடுகிறோமா? இட மாற்றக் கடிதம் வந்ததும், ‘மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள்’ என்று கையொப்பம் திரட்டப்படுவது ஏன்? கட்டிய மண்டபத்தில் நம் பெயர் பொறித்த கல்லைப் பதித்துவிட்டுப் போகும் வழக்கம் யாரிடம் கற்றது? 2013 பிப்ரவரி 11 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், முதுமையால் வலுக் குன்றியதை ஒப்புக்கொண்டு, பதவி விலகுவதாக இலத்தீனில் அறிவித்தார். 1294-இல் ஐந்தாம் செலஸ்தீன் விலகியபின் பிறர் நெருக்கமின்றித் தாமே விலகிய திருத்தந்தை அவரே. உலகமே வியந்தது. அந்த வாரம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதை நாம் எடுத்துக்காட்டியபோது எல்லாரும் தலையசைத்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளாகப் பொருளாளராய் இருந்த பெரியவரும் தலையசைத்தார். அடுத்த தேர்தலிலும் அவரே நின்றார். நாமும் அவரை விலகும்படி கேட்கவில்லை. கணக்கு சரியாக இருக்கிறது, நமக்கு வேலை குறைகிறது. நாமும் அவரைப் பற்றிக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை.

மன உறுத்தலின்றிச் சொல்லக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு நம் ஊர் வரலாற்றிலேயே உண்டு. 1954 மே மாதத்தில் தியன் பியன் ஃபூவில் பிடிவாதத்தின் விலையைக் குருதியாகக் கொடுத்த பிரெஞ்சு அரசு, அதே ஆண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தபின், நவம்பர் முதல் நாள் புதுச்சேரியைப் போரின்றி ஒப்படைத்தது. அந்த நவம்பர் முதல் நாளிலேதான் அல்ஜீரியாவில் போர் மூண்டது என்பதும் நினைக்கத் தக்கது. ஒரே நாளில் ஒரே அரசு, ஓரிடத்தில் விட்டது, ஓரிடத்தில் விடவில்லை. விட்ட இடத்தில் இன்றும் அவர்கள் மொழியில் தெருப்பெயர்கள் இருக்கின்றன. சொல்தாக்களுக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. சூலை 14-இல் பாடல் ஒலிக்கிறது. இங்கும் ஆண்டுகொண்டிருந்தவர்தாம் விட்டார்; ஆளப்பட்டவர்களிடம் விடுதலை வேட்கையை விட்டுவிடுங்கள் என்று சொல்லி அமைதி காணவில்லை.

அப்படியானால் வழக்காடு, சண்டையிடு, பகை வளர் என்றா பங்குத்தந்தை எழுதுகிறார் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாற்பது ஆண்டுகள் ஒரே வழக்கை நடத்தி, வீட்டையும் விற்று, வழக்கறிஞர் வாசலிலேயே முதுமையடைந்தவர்களை நாம் அடக்கம் செய்திருக்கிறோம். கையிலிருக்கும் காகிதம் வேறு, நெஞ்சிலிருக்கும் நஞ்சு வேறு என்றுதான் சொல்கிறோம். நஞ்சை விடச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அது எவர் நெஞ்சில் இருந்தாலும் அவரையே கொல்வது. உரிமையை விடச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அதை விடுவதும் விடாததும் உரியவரின் முழு விருப்பம். நம் ஆண்டவர் தம்மையே வெறுமையாக்கியது போல் அன்பினால் விரும்பி விட்டால் அது காணிக்கை. அச்சத்தினாலோ, சோர்வினாலோ, தியானத்தில் பெற்ற கண்ணீரினாலோ விட்டால், பறித்தவருக்கு நாம் எழுதிக் கொடுத்த ரசீது. தாவோ மரபினரிடமிருந்து நாம் பிரியும் இடமும் இதுவே. தண்ணீர் தாழ்ந்த இடத்துக்குப் போவது அதன் இயல்பு. கிறிஸ்து தாழ்ந்தது இயல்பினால் அன்று, தெரிந்தெடுத்து. தாழ்ந்தவர் கோயில் முற்றத்தில் சாட்டையையும் எடுத்தார்.

வாய்ப்புக் கிடைத்தபோது அந்த அண்ணனைப் போய்ப் பார்த்தோம். காப்பி கொடுத்தார். தம்பி மனைவிக்கு மன அமைதி வேண்டும், நல்ல தியானம் ஒன்றுக்கு அனுப்புங்கள் சாமி என்று நம்மிடமே பரிந்துரைத்தார். அவர் வீட்டுச் சுவரிலும் அந்த வாசகம் இருந்தது, கண்ணாடிச் சட்டத்தோடு. ஐயா, இதை எழுதி மாட்டியது உங்களுக்காகவா, வருகிறவர்களுக்காகவா என்று கேட்டோம். சிரித்தார். விடை சொல்லவில்லை. மாதா திருவிழாவுக்கு இவ்வாண்டும் தேர்ச் செலவில் பாதியை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எழுந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். தேருக்கு வேறு வழியில்லை என்று பேரவையில் சொல்வார்கள். அதற்கு அடுத்த வாரம் பேரவை கூடியபோதுதான் சொன்னோம், இவ்வாண்டு சிறிய சப்பரம் போதும் என்று. பெரும் வாக்குவாதம் ஆயிற்று. இன்னும் முடியவில்லை.

அம்மையார் அன்று வந்தது உண்மையில் நம்மிடம் முறையிட அல்ல. திருமணப் பதிவேட்டின் நகல் கேட்டுத்தான். வழக்கறிஞர் கேட்டிருக்கிறாராம். பெட்டியின் அடியிலிருந்து காகிதங்களை அவர் முன்பே எடுத்துவிட்டிருந்தார். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தோம். கரையான் ஓரத்தை அரித்திருந்தாலும் இருவர் பெயரும் சாட்சிகளின் கையொப்பமும் தெளிவாக இருந்தன. சாட்சிகளில் ஒருவர் அந்த அண்ணன். நகலெழுதி, பங்கு முத்திரையிட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தோம். சிலுவைப் பாதைக்கு மணி அடித்துவிட்டது. அவர் காகிதத்தை நான்காய் மடிக்காமல், பைக்குள் ஒரு செபப் புத்தகத்தின் நடுவில் விரித்தே வைத்துக்கொண்டு, கோயிலுக்குள் போனார்.